அசைந்தவை நீக்கப்பட்டன

மயிலாத்தாள் படத்தில் இல்லை என்பது செவ்வாய்க்கிழமை காலை பத்தரை மணிக்குத் தெரியவந்தது. பத்தே முக்காலுக்கு அவளுடைய நாற்காலியை எடுத்து மூலையில் அடுக்கிவிட்டார்கள்.

உடுமலை வான்நோக்கர் சங்கம் காலையில்தான் கூடும். புதிய ஸ்மார்ட் தொலைநோக்கி வந்த பிறகு ராத்திரியில் யாரும் வரத் தேவையில்லை. அதுவே விழித்துக்கொள்ளும். தான் எந்தத் திசையைப் பார்த்து நிற்கிறோம் என்பதை நட்சத்திரங்களை வைத்து அதுவே கண்டுபிடிக்கும். தன் பட்டியலிலிருந்து ஒரு வான்பொருளைத் தேர்ந்தெடுத்து, பத்து விநாடிக்கு ஒரு படம் வீதம் விடியும்வரை எடுக்கும். உறுப்பினர்கள் வீட்டில் நன்றாகத் தூங்குவார்கள். காலையில் பல் துலக்கிக்கொண்டே கைப்பேசியில் படத்தைப் பார்ப்பார்கள். பிறகு கல்யாண மண்டபத்து மாடியறைக்கு வந்து, படம் நன்றாக வந்திருக்கிறது என்று ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்வார்கள்.

கருவி, இருபது லிட்டர் தண்ணீர் கேன் உயரம் இருந்தது. வெள்ளை நிறம். மூன்று குட்டைக் கால்கள். கண்ணை வைத்துப் பார்ப்பதற்கு அதில் இடம் கிடையாது.

அது எடுத்த படங்களை ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கும். எல்லாப் படத்திலும் ஒரே இடத்தில் இருப்பதை வைத்துக்கொள்ளும். ஒன்றில் இருந்து அடுத்ததில் இல்லாததை, குறுக்கே போன விமானத்தைப் போல, எடுத்துப் போட்டுவிடும். அதனால்தான் ஊர் வெளிச்சத்துக்கு நடுவிலும் படம் இவ்வளவு சுத்தமாக வருகிறது என்று செயலாளர் திருமூர்த்தி விளக்கியிருந்தார். அவர் பேருந்து நிலையத்துக்கு எதிரில் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருந்தார்.

தொடக்க விழாவன்று மொட்டைமாடியில் ஏழு உறுப்பினர்களையும் கருவியே குழுப்படம் எடுத்தது. மூன்று மணி நேரம் ஆனது. எல்லோரும் பிளாஸ்டிக் நாற்காலிகளில் ஆடாமல் உட்கார்ந்திருந்தார்கள். மயிலாத்தாள் நடுவில் எழுந்து டீ ஊற்றிக் கொடுத்தாள். டம்ளர்களைத் திரும்ப வாங்கிக் கழுவிக் கவிழ்த்தாள். அப்புறம் வந்து உட்கார்ந்தாள்.

படத்தின் கீழே ஒரு வரி இருந்தது. அசைந்தவை நீக்கப்பட்டன: விமானம் 2, காகம் 9, மயிலாத்தாள் 1.

"தப்பா நினைச்சுக்காதீங்கக்கா," என்றார் திருமூர்த்தி. "படத்துல இருக்கறவங்கதான் உறுப்பினருங்க."

"நான் இங்க நிக்கறனுங்களே தம்பி."

"நிக்கறீங்க. நான் இல்லீன்னு சொல்லலீங்க. படத்துல இல்லீங்கறதத்தான் சொல்றேன்."

மற்றவர்கள் தலையை அசைக்கவில்லை. இப்போதெல்லாம் அவர்கள் எதையும் அசைப்பதில்லை. மயிலாத்தாளின் கணவர் ராக்கியப்பன் முன்வரிசையில், கருவிக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். படத்தில் அவர் மிகத் தெளிவாக விழுந்திருந்தார். சட்டைப் பையிலிருந்த பேனாவின் பெயரைக்கூடப் படிக்க முடிந்தது.

மயிலாத்தாள் தேங்காய் லாரிகளுக்கான எடைமேடை ஒன்றில் வேலை பார்த்தாள். அன்று மதியம் அவள் தன் இடத்தில் உட்கார்ந்திருந்தபோது முதலாளி உள்ளே வந்து அவளைப் பார்த்து, "என்னங்க, ஆளக் காணமே," என்றார்.

"இங்கதானுங்க இருக்கேன்."

"வந்தா என்னைப் பார்க்கச் சொல்லுங்க," என்றார் முதலாளி. அவர் போன பிறகு லாரி ஓட்டுநர்கள் தாங்களே பொத்தானை அழுத்தி எடைச்சீட்டு எடுத்துக்கொண்டார்கள். அவள் குறுக்கே நின்று பார்த்தாள். அவளைச் சுற்றிக்கொண்டு போனார்கள். மரியாதையாகத்தான் சுற்றிக்கொண்டு போனார்கள்.

இது முற்றிப் போவதற்குள் சரிசெய்ய வேண்டும் என்று அவளுக்குப் பட்டது. மேடை காலியான நேரத்தில் தானே அதன்மேல் ஏறி நின்று ஒரு சீட்டு எடுத்தாள். அறுபது கிலோ என்று வந்தது. அதை மடித்து வைத்துக்கொண்டு, தளி ரோட்டிலிருந்த அசைவுச் சரிபார்ப்பு அலுவலகத்துக்குப் போனாள்.

அலுவலகத்தின் தாழ்வாரம் சிறியதாகத்தான் தெரிந்தது. கோடியில் ஒரு கவுன்டர். அவள் நடந்தாள். கவுன்டர் பின்னால் போனது. வேகமாக நடந்தாள். அது வேகமாகப் பின்னால் போனது. அரை மணி நேரம் கழித்து, சுவரோரம் உட்கார்ந்திருந்த காவலாளி ஒருவர் அவளிடம் சொன்னார்:

"நடக்காதீங்கம்மா. நடந்தா நீளும்."

"அப்ப எப்படிங்க போறது?"

"சும்மா நில்லுங்க. வந்துரும்."

அவள் நின்றாள். கவுன்டர் மெதுவாக அவளிடம் வந்து சேர்ந்தது. அதற்குப் பின்னால் ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். பெயருக்குப் பதிலாக 'இருக்கை 4' என்று பலகை இருந்தது. அவள் முகம் கொஞ்சமும் கலங்கலில்லாமல் பளிச்சென்று இருந்தது. பல வருடங்களாக எழுந்திருக்காதவள் என்று பார்த்ததுமே தெரிந்தது.

மயிலாத்தாள் விஷயத்தைச் சொல்லி எடைச்சீட்டை நீட்டினாள்.

"அறுபது கிலோங்கறது யாரு வேணா இருக்கலாமுங்க," என்றாள் இருக்கை நான்கு. "உங்களுக்கு இருப்புச் சான்று வேணுமுங்க. அதுக்குப் படம் வேணும். ஏழு மணி நேரம் அசையாம எடுத்த படம்."

"எனக்கு வேலை இருக்குதுங்க. ஏழு மணி நேரம் எப்படி அசையாம இருக்கறது?"

"இருக்கறவங்க இருக்காங்களே."

மயிலாத்தாள் யோசித்தாள். அவள் பத்தொன்பது வருடம் வானத்தைப் பார்த்தவள். ஒரே ஒரு நட்சத்திரம் மங்குவதையும் பிரகாசிப்பதையும், அதைச் சுற்றியிருந்த புகையையும் ஆறு நோட்டுகளில் குறித்து வைத்திருந்தாள். தனக்குத் தெரிந்த ஒரு நியாயத்தைக் கேட்டாள்.

"நட்சத்திரமும்தான் நகருதுங்க. கிழக்க வந்து மேக்க போகுது. அத மட்டும் ஏனுங்க நீக்கறதில்ல?"

இருக்கை நான்கு முதல்முறையாக அவளைப் பார்த்தாள்.

"அதுக்குப் பின்னாடியே கருவி போகுதுங்க. அது நகர்ற வேகத்துக்கே தானும் திரும்பிக்கிட்டே இருக்குது. அதனால அது நின்ன மாதிரி விழுகுது. உங்களுக்குப் பின்னாடி யாருங்க வர்றாங்க?"

மயிலாத்தாள் திரும்பித் தன் பின்னால் பார்த்தாள்.

"யாராவது வந்தாங்கன்னா விண்ணப்பிக்கலாமுங்க. ஒரு கை தூரம். ஒரே வேகம். ஏழு மணி நேரம். அவங்க கண்ணு உங்க மேலயே இருக்கணும்."

கவுன்டர் பின்னால் போய்விட்டது.

வீட்டில் ராக்கியப்பன் நாற்காலியில் ஆடாமல் உட்கார்ந்து கைப்பேசியில் முந்தின நாள் வந்த நெபுலா மேகத்தின் படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். நூல் மில்லில் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். மயிலாத்தாளைவிடப் பதினோரு வயது மூத்தவர். அவள் சோற்றை இறக்கி வைத்துவிட்டு எதிரில் உட்கார்ந்தாள். தன் பின்னால் ஒரு நாள் நடந்து வர முடியுமா என்று கேட்டாள்.

அவர் கைப்பேசியிலிருந்து கண்ணை எடுத்தார்.

"நான் அசைஞ்சா என்னையும் எடுத்துருவாங்க புள்ள."

"தெரியுமுங்க."

"உங்கிட்ட ஒண்ணு சொல்லணும்." அவர் கைப்பேசியைக் கவிழ்த்து வைத்தார். "நீ பழைய தொலைநோக்கில காட்டுனயே, சனி, வளையம், அந்தக் கொத்து இந்தக் கொத்துன்னு. எனக்கு ஒண்ணுங்கூடத் தெரிஞ்சதில்ல. எம் பார்வைக்கு அதுக்குள்ள வெறும் இருட்டு."

"தெரியுதுன்னுதானுங்க சொல்லுவீங்க?"

"நீ கேப்ப. நானுஞ் சொல்லுவேன்."

மயிலாத்தாள் சோற்றுப் பாத்திரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பத்தொன்பது வருடம் என்று நினைத்தாள். கோபம் வரும் என்று காத்திருந்தாள். வரவில்லை.

"இது வந்தப்புறந்தான் புள்ள நான் முதமுதல்ல பார்த்தேன். சிவப்பா, பூ மாதிரி. நீ எதுக்குத் தூங்காமக் கெடந்தயின்னு அன்னைக்குத்தான் புரிஞ்சுது. அத விட்டுட்டு எந்திரிக்கறதுக்கு எனக்குப் பயமா இருக்குது."

கருவி வாங்கலாம் என்று சங்கத்தில் முதலில் கை தூக்கியது அவள்தான். முதல் படம் வந்தபோது, ஆறு நோட்டுகளிலும் தான் சாம்பல் நிறப் புகையாக எழுதியிருந்தது ரோஜா நிறத்தில் விரிந்ததைப் பார்த்து, எல்லோர் முன்னாலும் அழுததும் அவள்தான். அதனால் அவர் சொன்னது அவளுக்குப் புரிந்தது.

"சரீங்க. வேண்டாம். சாப்பிடுங்க," என்றாள்.

ராக்கியப்பன் எழுந்தார். மூட்டு இரண்டும் சத்தம் போட்டன. வாசலுக்குப் போய்ச் செருப்பை மாட்டிக்கொண்டார்.

"எத்தன மணிக்குக் கிளம்போணும்?"

மறுநாள் காலை எட்டு மணிக்குக் கிளம்பினார்கள். திருமணமான இருபத்தாறு வருடத்தில் அவர்தான் எப்போதும் முன்னால் நடப்பார். பின்னால் நடக்க அவருக்குத் தெரியவில்லை. முதல் தெருவிலேயே இரண்டு முறை அவள் குதிகாலை மிதித்தார். உழவர் சந்தையில் அவள் கீரைக்கட்டைப் பார்க்கக் குனிந்தபோது அவர் குனிய மறந்து தடுமாறினார்.

"நான் குனிஞ்சா நீங்களும் குனியோணுமுங்க."

"முன்னாடியே சொல்லோணுமல்ல?"

"நட்சத்திரம் சொல்லிட்டா போகுதுங்க?"

அவர் சிரித்தார். அவளும் சிரித்தாள். கீரைக்காரி யாருமில்லாத இடத்தைப் பார்த்துவிட்டுக் கீரைக்குத் தண்ணீர் தெளித்தாள்.

பத்து மணிக்கு அவர் பழகிவிட்டார். அவள் வலது காலை எடுத்தால் அவருடைய வலது கால் எழுந்தது. எடைமேடையில் அவள் லாரிகளைச் சுற்றி வந்தபோது அவரும் அதே வளைவில் வந்தார். பதினொரு மணிக்கு அவள் கழுத்துக்குப் பின்னாலிருந்து சொன்னார்:

"உம் பின்னங்கழுத்துல ஒரு மச்சம் இருக்குது புள்ள."

"எப்பவும் இருக்குதுங்க."

"எனக்குத் தெரியாது."

சற்று நேரம் கழித்து, "ரெண்டு இருக்குது," என்றார்.

அவளுக்குக் கண் கலங்கியது. திரும்பிப் பார்க்க நினைத்தாள். திரும்பினால் படம் கெட்டுவிடும் என்று திரும்பவில்லை.

மதியம் வீட்டில் அவள் சமைத்தாள், பாத்திரம் கழுவினாள், கொடியில் துணி போட்டாள். அவர் ஒரு கை தூரத்திலேயே இருந்தார். சாப்பிடக் கூப்பிட்டபோது வேண்டாம் என்றார். ஒன்றரை மணிக்குமேல் அவர் மூச்சு விடும் சத்தம் கேட்கவில்லை. அதற்குப் பதிலாகத் தையல் மிஷின் தூரத்தில் ஓடுவது போல ஒரு சன்னமான சத்தம் கேட்டது. அவள் நின்றால் அதுவும் நின்றது.

"முடியுதுங்களா?"

"மையம் சரியா இருக்குது," என்றார் ராக்கியப்பன். அவருடைய குரலில் களைப்பே இல்லை.

மூன்று மணிக்கு ஏழு மணி நேரம் முடிந்தது. அவள் திரும்பிப் பார்த்தாள். அவர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு நேராக நின்றிருந்தார். மூன்றாவது கால் எப்போது வந்தது என்று அவள் கவனித்திருக்கவில்லை. கண் இருந்த இடத்தில் வட்டமாக, இருட்டாக, ஒற்றைக் கண்ணாடி இருந்தது. அது அவளைப் பார்த்துக்கொண்டிருந்தது. அவள் இடது பக்கம் ஓர் அடி வைத்தாள். அவர் இடது பக்கம் திரும்பினார்.

அவளுடைய கைப்பேசியில் படம் வந்து விழுந்தது.

அவரைக் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு அலுவலகத்துக்குப் போனாள். கை இருந்த இடத்தில் பிடிக்க வசதியாக ஏதோ இருந்தது. இன்று தாழ்வாரம் நீளவில்லை. இருக்கை நான்கு படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தாள். நடுவில் மயிலாத்தாள் மட்டும் தெளிவாக இருந்தாள். சந்தை, பேருந்து நிலையம், லாரிகள், உடுமலை ஜனங்கள் எல்லாம் அவளைச் சுற்றி நீள நீளமான கோடுகளாக இருந்தன.

"ஊர் பூராவும் கோடா இழுத்திருக்குதுங்களே."

"ஆமாங்க."

"பரவாயில்லீங்க. விண்ணப்பம் உங்களுக்குத்தான்." அவள் முத்திரை வைத்தாள். மயிலாத்தாள் இருக்கிறாள் என்று தாளில் எழுதியிருந்தது.

"இவருக்கும் ஒண்ணு வேணுமுங்க," என்றாள் மயிலாத்தாள். "எங்க வீட்டுக்காரருங்க."

இருக்கை நான்கு படத்தில் தேடினாள். "இவரு இல்லீங்களே."

"இவருதானுங்க எடுத்தாரு."

"எடுக்கறது படத்துல வராதுங்க. கருவிக்கு இருப்புச் சான்று கிடையாது. சரக்கு இருப்புப் பதிவேட்டுல வேணா ஏத்திக்கலாம். சங்கம் எதுங்க?"

அவள் சொல்லாமல் நின்றாள். காவலாளி சொன்னார்.

அடுத்த நாள் காலை திருமூர்த்தியும் இரண்டு உறுப்பினர்களும் வந்து ராக்கியப்பனுக்கு வெள்ளை உறை போட்டு மண்டபத்து மாடியறைக்குத் தூக்கிப் போனார்கள். மூன்று பேரும் மிகக் கவனமாகத் தூக்கினார்கள். மயிலாத்தாள் முன்னால் நடந்தாள். உறைக்குள் அவர் திரும்புவது தெரிந்தது.

அவளுடைய நாற்காலியை எடுத்துப் போட்டார்கள். எல்லோரும் அவளை வாழ்த்தினார்கள். எடைமேடை முதலாளிகூட வந்து, இரண்டு நாளாக எங்கே போயிருந்தீர்கள் என்று அன்பாகக் கடிந்துகொண்டார். ராக்கியப்பனுக்கு அறையின் நடுவில் இடம் கொடுத்திருந்தார்கள். அவள் வாசலில் நுழைந்தால் அவர் வாசலுக்குத் திரும்பினார். டீ ஊற்ற மூலைக்குப் போனால் மூலைக்குத் திரும்பினார். தினமும் காலை பத்திலிருந்து ஒரு மணிவரை அவர் எடுத்த படங்கள் எல்லா உறுப்பினர்களின் கைப்பேசியிலும் வந்தன. எல்லாமே மயிலாத்தாள். குனிந்த மயிலாத்தாள். டம்ளர் கழுவும் மயிலாத்தாள். பின்னங்கழுத்து மட்டும் நாற்பத்திரண்டு.

"நல்லாத்தான் வருதுங்க," என்றார் திருமூர்த்தி தயக்கத்தோடு. "ஆனா நம்மளது வான்நோக்கர் சங்கமல்லங்களா?"

மயிலாத்தாள் ராக்கியப்பன் அருகே உட்கார்ந்து பேசினாள். வீட்டு விஷயங்களைச் சொன்னாள். முருங்கை பூத்திருக்கிறது, தண்ணீர் மோட்டார் எரிந்துவிட்டது, உங்கள் தங்கை திருப்பூரிலிருந்து போன் செய்தாள் என்றாள். அவர் முகத்துக்கு மிக அருகில் போய் உள்ளே பார்க்க முயன்றாள். கண்ணாடியில் அவள் முகம் தலைகீழாகத் தெரிந்தது. சன்னமான சத்தம் கேட்டது. அது கேட்கும்வரை அவளுக்குப் போதுமாக இருந்தது.

அடுத்த புதன்கிழமை கருவிகளுக்கு மென்பொருள் புதுப்பித்தல் வந்தது. தானாகவே வந்தது. பச்சை விளக்கு பத்து நிமிடம் சிமிட்டியது. புதிய பட்டியலில் ஆறாயிரத்து நானூற்றுப் பன்னிரண்டு பொருள்கள் இருந்தன. திருமூர்த்தி கைப்பேசியில் மேலிருந்து கீழே இரண்டு முறை தள்ளிப் பார்த்தார்.

"உங்க பேரு இதுல இல்லீங்கக்கா."

"சேர்க்க முடியாதுங்களா?"

"கேட்டுப் பார்த்தேனுங்க. நீங்க ரொம்பக் கிட்ட இருக்கீங்களாம். அவ்வளவு கிட்ட இருக்கறத ஏத்துக்க மாட்டாங்களாம். தூரமாப் போனீங்கன்னா விண்ணப்பிக்கலாமாம்."

"எவ்வளவு தூரமுங்க?"

"அது போடலீங்க. குறைஞ்சது நாலு ஒளியாண்டு இருந்தா நல்லதுங்கறாங்க."

"போனா இவரு என்னையப் பார்ப்பாருங்களா?"

"முறை வர்றப்பப் பார்ப்பாருங்க."

விளக்கு சிமிட்டுவதை நிறுத்தியது. ராக்கியப்பன் தலையை ஒருமுறை முழு வட்டமாகச் சுற்றினார். அவள் முகத்தில் ஒரு கணம் நிற்பது போலிருந்தது. பிறகு அவள் தோளுக்குப் போய், தோளைத் தாண்டி, கிழக்குச் சுவரில் காலண்டருக்குக் கீழே போய் நின்றார். சுவருக்கு அப்பால், பகல் வெளிச்சத்துக்கு அப்பால், பட்டியலின் 3117ஆம் பொருள் உதித்துக்கொண்டிருந்தது. சங்கத்தில் எல்லோரும் கைப்பேசியை எடுத்தார்கள்.

மயிலாத்தாள் ஒரு ஸ்டூலை எடுத்துப் போய் அவருக்கும் சுவருக்கும் நடுவில் போட்டு, அவர் முகத்துக்கு நேராக உட்கார்ந்தாள். முருங்கைக்காய் பிஞ்சு விட்டிருக்கிறது என்றாள். ஐந்து நிமிடத்தில் அவர் அவளுடைய காதைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவள் ஸ்டூலை ஒரு சாண் இடப்பக்கம் நகர்த்தினாள்.

"நான் மறைக்கறனுங்களா தம்பி?"

திருமூர்த்தி கைப்பேசியைப் பார்த்தார். "இல்லீங்கக்கா. தாராளமா இருங்க. உங்களால படத்துக்கு ஒண்ணும் ஆகல."

அந்தப் பொருள் உயர உயர ராக்கியப்பனும் நிமிர்ந்துகொண்டே போனார். பத்தே முக்காலுக்கு அவள் எழுந்து நிற்க வேண்டியிருந்தது. பதினொன்றரைக்கு ஸ்டூலின் மேல் ஏறி நின்றாள். மோட்டாரைச் சரிசெய்ய ஆள் வந்து போனான் என்று சொன்னாள். பன்னிரண்டு மணிக்கு அவர் அவளுடைய தலைக்கு மேலே, மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஏணி ஏதாச்சும் இருக்குதுங்களா?" என்று கேட்டாள்.

"கீழ இருக்குமுங்க," என்றார் திருமூர்த்தி, தலையைத் தூக்காமல். "சீரியல் லைட்டு கட்டறவங்க வச்சிருப்பாங்க."

அவள் போய் ஏணியைத் தூக்கி வந்தாள். இரண்டு மாடி தனியாகத் தூக்கி வந்தாள். மின்விசிறியை நிறுத்தினாள். அவர் பார்வை இருந்த இடத்தைக் கணக்குப் பண்ணி ஏணியை விரித்து, மேல் படியில் ஏறி, அவர் முகத்தின் மேல் குனிந்து உட்கார்ந்தாள். மூச்சு வாங்கியது. எங்கே விட்டோம் என்று யோசித்து, மோட்டாரிலிருந்து தொடர்ந்தாள்.

ஐந்து நிமிடம் கழித்து இறங்கி, ஏணியை ஒரு சாண் தள்ளி வைத்து, மறுபடி ஏறினாள்.